வெள்ளியைப் பிசையப் போகும் தோழிகளுக்கு



மொட்டை மாடியிலும் அடுக்களை மேடையிலும் மண்ணைப் பிசைந்து, ஜிமிக்கி, பதக்கம், வளையல் என்று உருவாக்கி, நிழலில் உலர்த்திச் சுட்டு, வண்ணம் தீட்டி விற்கிற உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். நானும் அந்த மண்ணில் தொடங்கியவள்தான். இப்போது வெள்ளிக் களிமண்ணில் வேலை செய்கிறேன். உங்களில் சிலர் அதற்கான வகுப்புக்கு முன்பணம் கட்டப் போகிறீர்கள். சிலர் 'வெள்ளியெல்லாம் பத்தர் வேலை, நமக்கு எதற்கு' என்று ஒதுங்கி நிற்கிறீர்கள். இரண்டு தரப்பிடமும் நான் பேச வேண்டியிருக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பட்டறையில் வளர்ந்தவர்களைவிட நன்றாகவே தெரியும். மறுபாதி தீயும் உலோகமும். அதைப் புதிதாக, பொறுமையாக, தெரிந்தவர்களிடம் கேட்டுக் கற்க வேண்டும். 'ஒரே நாளில் வெள்ளி நகை' என்று அழைப்பவர்கள் முதல் பாதியைத்தான் காட்டுகிறார்கள். ஒதுங்கி நிற்பவர்களோ இரண்டாம் பாதியை மட்டும் பார்த்துப் பயப்படுகிறார்கள்.

பொருள் என்ன என்று முதலில் பார்ப்போம். இதில் மண் துளியும் கிடையாது. மாவைவிட மெல்லிய தூய வெள்ளித் தூள், தண்ணீர், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கத் தாவர நாரிலிருந்து எடுத்த ஒரு பசை, அவ்வளவுதான். சுடும்போது எஞ்சிய ஈரம் போகும், பசை எரிந்துபோகும், வெள்ளித் துகள்கள் மட்டும் மிஞ்சும். வெள்ளி உருகுவது ஏறக்குறைய 962 டிகிரி செல்சியஸில். அதற்குக் கீழே, 600 முதல் 900 டிகிரிக்குள், துகள்கள் உருகாமலே தொட்ட இடங்களில் பிணைந்துகொள்ளும். நடுவிலிருந்த இடைவெளிகள் சுருங்கும். வெளியே வருவது 999 தரத் தூய வெள்ளி. கடைகளில் '925' என்று போட்டு விற்பதில் ஆயிரத்தில் 925 பங்குதான் வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. நீங்கள் சுட்டெடுப்பது அதைவிடத் தூய்மையானது. ஆனால் அதைவிட மென்மையானதும்கூட. இந்த இரண்டாவது விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன். வகுப்புகளில் அதைச் சொல்வது குறைவு.

ஜப்பானில், மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் நிறுவனத்தில், மசாகி மொரிகாவா என்பவர் 1990களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினார். 'பிஎம்சி' என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. சில ஆண்டுகளில், பழைய பொருள்களிலிருந்து விலையுயர்ந்த உலோகங்களை மீட்டெடுக்கும் ஆயிடா கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் 'ஆர்ட் கிளே சில்வர்' என்று இன்னொன்றைக் கொண்டுவந்தது. முதலில் வந்த பிஎம்சியை 900 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட வேண்டும். கால் பங்குக்கும் மேல் சுருங்கிவிடும். சூளை இல்லாத வீட்டில் அதைத் தொடவே முடியாது. பிறகு வந்த வகைகள் பத்தில் ஒரு பங்கு அளவே சுருங்குபவை, 600, 650 டிகிரியிலேயே இறுகுபவை. இது வீட்டு வேலையானது அந்த மாற்றத்தால்தான். 1990களின் நடுவில் இது அமெரிக்காவுக்குப் போனபோது டிம் மெக்ரைட் போன்ற, சுத்தியலும் ஊதுகுழலும் பிடித்துப் பழகிய உலோகக் கலைஞர்களே இதைக் கையில் எடுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள், புத்தகம் எழுதினார்கள். 'இது நிஜ வெள்ளி வேலையா' என்ற சந்தேகம் அங்கேயும் எழுந்தது. உங்கள் வீட்டிலும் எழும். உரைகல்லில் உரைத்துக் காட்டுங்கள், போதும்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வெள்ளி நிறத்தில் மினுங்கும் பாலிமர் கிளே கடைகளில் கிடைக்கிறது. அது பிளாஸ்டிக் வகை. அதில் வெள்ளி இல்லை, சுட்டாலும் வெள்ளி வராது. பொட்டலத்தில் வெள்ளியின் தரமும், சுட வேண்டிய வெப்பமும் நேரமும், சுருங்கும் அளவும் எழுதியிருக்க வேண்டும். இவை இல்லாத எதையும் வாங்காதீர்கள். எங்கோ மலிவாகக் கிடைத்தது என்று வெள்ளித் தூள் வாங்கி வீட்டில் பசை கலப்பதும் இப்போதைக்கு வேண்டாம். தூளின் தூய்மையும் நுண்மையும் தெரியாமல் சுட்டால் என்ன கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இனி, உங்களுக்குத் தெரிந்த பாதிக்கு வருகிறேன். இதைப் பேசத்தான் எனக்கு ஆசை.

ஈரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று உங்கள் விரலுக்குத் தெரியும். பொட்டலத்தைப் பிரித்ததும் வெள்ளிக் களிமண் கொழுக்கட்டையின் மேல்மாவு மாதிரி இருக்கும். காற்றுப் பட்டால் ஓரம் வெடிக்கும், ஈரத்துணி போட்டு மூடினால் அடங்கும். மண்ணைவிட இது பல மடங்கு வேகமாக உலரும். அதனால் வேலையைத் தொடங்குமுன் மின்விசிறியை நிறுத்துங்கள். ஒரு கிள்ளு எடுத்ததும் மீதியைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஈரப் பஞ்சு வைத்த டப்பாவில் மூடுங்கள். உள்ளங்கையில் ஒரு சொட்டு எண்ணெய் போதும். கூடினால் களிமண் ஏடு ஏடாகப் பிரியும். தண்ணீர் சேர்க்க நேர்ந்தால் போர் தண்ணீர் வேண்டாம், பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த நீரை ஒரு துளி தொட்டு வையுங்கள்.

மண்வேலைக்கு வைத்திருக்கும் பலகை, ஊசி, தூரிகை எதையும் இதற்கு எடுக்காதீர்கள். மண் தூசும் அக்ரிலிக் பொடியும் வெள்ளிக்குள் போனால் சுட்ட பிறகு அந்த இடம் பலவீனமாக நிற்கும். அலுமினியம் கூடவே கூடாது. அடுக்களையில் கைக்கு எட்டுவது அலுமினியத் தாள்தான், அதில் சுற்றி வைக்கத் தோன்றும். ஆனால் இந்தக் களிமண் அலுமினியத்தோடு வினைபுரிந்து கெட்டுவிடும். உருட்டுவதற்கு பிவிசி குழாய்த் துண்டும், அடியில் வைக்க ஒரு வழவழப்பான பிளாஸ்டிக் தாளும் போதும். தடிமனுக்கு உலகம் முழுக்க இந்த வேலைக்காரர்கள் கையாளும் எளிய வழி ஒன்று உண்டு: சீட்டுக்கட்டு. இரண்டு பக்கமும் நான்கு நான்கு சீட்டு அடுக்கி நடுவில் களிமண்ணை வைத்து உருட்டினால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தகடு கிடைக்கும். ஆறு ஆறாக வைத்தால் ஒன்றரை. காதணிக்கு நான்கு சரி. கையில் போடும் எதற்கும் ஆறுக்குக் குறையாதீர்கள்.

ஒட்டுவதும் உங்களுக்குப் புதிதல்ல. மண்ணில் குழம்பு கரைத்து இரண்டு துண்டைச் சேர்ப்பதைப் போலவே, இதே களிமண்ணைத் தண்ணீரில் குழைத்துத் தடவிச் சேர்க்கலாம். இரண்டு பக்கமும் ஈரமாக்கி, அழுத்தி, பிதுங்கி வருவதைத் துடைக்காமல் உலரவிட்டு, பிறகு தேய்த்துச் சரிசெய்யுங்கள். மண் நகையில் கொக்கி கழன்றால் பிசின் வைத்து ஒட்டுகிறோம். அந்தப் பழக்கத்தை மட்டும் மண்ணோடு விட்டுவிட்டு வாருங்கள். வெள்ளி என்று விற்கும் பொருளில் பிசினுக்கு இடம் இல்லை. தொங்கவிடும் வளையத்தைத் தூய வெள்ளிக் கம்பியில் செய்து, ஈரமாக இருக்கும்போதே ஆழமாகப் புதைத்துவிடுங்கள். 925 கம்பியைப் புதைத்துச் சுட்டால் அதிலுள்ள செம்பு கறுக்கும், கம்பியும் நொறுங்கத் தொடங்கும்.

உலர்ந்ததா என்று பார்ப்பதில் உங்களை மிஞ்ச ஆளில்லை. அரைகுறை ஈரத்தோடு சூளைக்குப் போன ஜிமிக்கி வெடித்துச் சிதறுவதைப் பார்க்காதவர் நம்மில் யார்? இங்கேயும் அதுவேதான். உள்ளே ஈரம் இருந்தால் தீ பட்டதும் ஆவியாகி உப்பிக்கொண்டு வெடிக்கும். ஒரு சின்னச் சோதனை செய்யலாம்: துண்டை லேசாகச் சூடாக்கி முகம் பார்க்கும் கண்ணாடிமேல் சில நொடி வைத்து எடுங்கள். கண்ணாடியில் பனிபோல் மூட்டம் படிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

உலர்ந்த பிறகு, சுடுவதற்கு முன் உள்ள அந்த நிலையில்தான் இந்தக் கலையின் மொத்த அழகும் இருக்கிறது. தயவுசெய்து இங்கே நேரம் செலவழியுங்கள். உலர்ந்த துண்டு சுண்ணக்கட்டி போல வெளிறி, கை தவறினால் உடையும் நிலையில் இருக்கும். நக ஓரத்துக்கு ஒரு கோணல், விரல் ரேகை, தகட்டின் கூர்விளிம்பு, துளையைச் சுற்றி ஒரு பிசிறு, எதுவாக இருந்தாலும் மெல்லிய உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பில் போய்விடும். அதையே சுட்ட பிறகு சரிசெய்ய அரமும் அரை நாளும் வேண்டும். விரிசல் இருந்தால் குழம்பு தடவி, உலர்த்தி, மறுபடி தேயுங்கள். பின்பக்கத்தையும் அதே அக்கறையோடு முடியுங்கள். நம் மண் நகைகளில் பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை என்று விட்டுவிடுகிறோம். வெள்ளியை வாங்குபவர்கள் முதலில் திருப்பித்தான் பார்ப்பார்கள். தேய்க்கும்போது மூக்குக்கு முகக்கவசம் கட்டிக்கொள்ளுங்கள். கீழே ஒரு வழவழப்பான தாளை விரித்துக்கொண்டால் விழுகிற பொடி முழுவதும் திரும்பக் கிடைக்கும். அந்தப் பொடியில் நீர் விட்டுக் குழைத்தால் ஒட்டுவதற்கான குழம்பு தயார். பட்டறையில் 'சேதாரம்' என்று எழுதப்படுவதற்கு இங்கே கிட்டத்தட்ட வேலையே இல்லை.

சுருக்கத்தைப் பற்றி. மண்ணும் சுருங்கும், பதக்கம் கொஞ்சம் சிறுத்தால் யாருக்கும் தெரியாது. மோதிரம் சிறுத்தால் விரலில் ஏறாது. பத்து சதவீதம் சுருங்கும் களிமண்ணில் உள்விட்டம் 18 மில்லிமீட்டர் வர வேண்டுமென்றால் 20 மில்லிமீட்டரில் செய்ய வேண்டும். கணக்கு இவ்வளவு எளிது. ஆனால் மோதிரம் எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சுருங்காது; மேலே கனமான பூ வைத்திருந்தால் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு கோணும். அதனால் சுடும்போது உள்ளே சரியான அளவில் சூடு தாங்கும் ஒரு வில்லையை வைத்துச் சுடுவார்கள். வெள்ளி அதன்மேல் சுருங்கி நிற்கும். அந்த வில்லைகள் தனியாக விற்கின்றன. முதல் வேலையாக மோதிரத்தை எடுக்க வேண்டாம் என்று நான் மன்றாடுவது இதனால்தான்.

இனி தீ.

முதலில் ஒரு கண்டிப்பு. நாம் மண்சட்டியில் உமியும் மரத்தூளும் வரட்டியும் அடுக்கிச் சுடுகிறோமே, அதில் வெள்ளிக் களிமண்ணை வைக்காதீர்கள். அங்கே வெப்பம் எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. ஒரு பக்கம் 500, மறு பக்கம் 800 என்று இருக்கும், சாம்பலும் புகையும் படியும். மண் அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும், சில சமயம் அழகாகவும் ஆக்கிக்கொள்ளும். வெள்ளி பொறுக்காது.

சின்னத் துண்டுகளுக்கு வீட்டு கேஸ் அடுப்பே போதும் என்பது உண்மைதான். ஆர்ட் கிளேகாரர்களே அந்த முறையைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அடுப்பின்மேல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை வைத்து, தீயைக் கூட்டி, வலையில் எந்த இடம் செக்கச் சிவக்கிறது என்று பார்த்துக்கொண்டு, அணைத்து, அந்த இடத்தில் துண்டை வைத்து மறுபடி ஏற்றுவது முறை. அப்பளம் சுட வாங்கிய ஜிஐ கம்பி வலையைப் பயன்படுத்தாதீர்கள். அதன் துத்தநாகப் பூச்சு சூட்டில் நச்சுப் புகை விடும். இன்னொரு வழி பியூட்டேன் கேன் மாட்டும் கை டார்ச். தீ தாங்கும் செங்கல்மேல் துண்டை வைத்து, சுடரை மேலே வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும், ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது. அறையின் விளக்கை மங்கலாக்கிக்கொள்ளுங்கள், நிறத்தைப் பார்க்கத்தான். முதலில் கொஞ்சம் புகை வரும், துண்டின்மேல் சின்னச் சுடர் எரிந்து அணையும். அது பசை போவது. பிறகு துண்டு வெளுக்கும். அப்புறம் மெல்லச் சிவந்து, மங்கிய ஆரஞ்சு நிறத்துக்கு வரும். நேரத்தை எண்ணத் தொடங்குவது அப்போதுதான். சின்னப் பதக்கத்துக்கு அந்த நிறத்தில் இரண்டு நிமிடம், இருபது கிராமை நெருங்கினால் நான்கைந்து நிமிடம். சரியான அளவு உங்கள் பொட்டலத்தில் இருக்கும். ஆரஞ்சு பளீரென்று ஏறி, மேற்பரப்பு பாதரசம்போல் மினுங்கினால் அது உருகத் தொடங்கிவிட்டது, உடனே சுடரை விலக்குங்கள்.

உருகுவது கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. அதைவிட எனக்குக் கவலை தருவது தெரியாத ஆபத்து: குறைவாகச் சுடுவது. அரைவேக்காட்டுத் துண்டும் வெளுக்கும், தேய்த்தால் பளபளக்கும், தராசில் நிற்கும். வாங்கியவர் காதில் ஒரு மாதம் ஆடிய பிறகு ஒடியும். துகள்கள் முழுதாகப் பிணையவில்லை என்பதை வெளியிலிருந்து எந்தக் கண்ணாலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் விற்பனைக்குச் செய்கிற எதையும், குறிப்பாகக் கையிலும் விரலிலும் போடுவதை, வெப்பமானி உள்ள மின்சூளையில் சுடுங்கள். 650இல் அரை மணியில் இறுகும் களிமண்ணைக்கூட, பொட்டலக் குறிப்பு அனுமதித்தால், 900 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் கூடுதல் உறுதி வரும். சூளைக்கு விலை அதிகம்தான். நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வாரத்துக்கு ஒரு நாள் சுட்டுக்கொள்ளலாமே. மண்ணில் நாம் தனித்தனியாகவே இருந்துவிட்டோம், அச்சும் வண்ணமும்கூட ஒருவருக்கொருவர் மறைத்தோம். வெள்ளியில் அது கட்டுப்படியாகாது.

டார்ச் பிடிக்கும்போது பருத்தி உடை போடுங்கள், துப்பட்டாவும் முந்தானையும் இறுக்கிச் செருகியிருக்கட்டும், கூந்தலை முடியுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். சிலிண்டருக்குப் பக்கத்தில் டார்ச் வேண்டாம். குழந்தைகள் தூங்கும் நேரமோ பள்ளி நேரமோ பார்த்துச் செய்யுங்கள். சுட்ட வெள்ளி நிறம் மாறிய பிறகும் நெடுநேரம் சுடும்.

ஆறிய பிறகு கையில் எடுப்பது பால்வெள்ளையாக, பளபளப்பே இல்லாமல், சுண்ணாம்புத் துண்டு போலத் தெரியும். பதறாதீர்கள். மேற்பரப்பு நுண்ணிய சொரசொரப்பாக இருப்பதால் ஒளி சிதறி அப்படித் தெரிகிறது, அவ்வளவுதான். சோப்புத் தண்ணீரில் பித்தளைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் கண்ணெதிரே வெள்ளி வரும். நம் பத்தர்கள் பூந்திக்கொட்டை நீரில் தேய்ப்பார்கள், அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது. இன்னும் பளபளப்பு வேண்டுமானால் நுண்ணிய உப்புத்தாள்களில் படிப்படியாகத் தேய்த்து, வழவழப்பான எஃகுக் கோலாலோ அகேட் கல்லாலோ அழுத்தி மெருகேற்றுங்கள். அந்த அழுத்தம் மேலே உள்ள நுண்துளைகளையும் மூடும். இப்போது எல்லோரும் கேட்கும் 'ஆக்சிடைஸ்டு' கறுப்புக்கு ரசாயனம் தேடி அலைய வேண்டாம்: வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவை உதிர்த்து, மூடிய டப்பாவில் நகையோடு சேர்த்து வைத்தால் அதிலிருந்து வரும் கந்தக வாயு வெள்ளியைக் கறுக்கவைக்கும். பிறகு மேடான இடங்களை மட்டும் தேய்த்து எடுத்தால் பள்ளங்களில் கறுப்பு நிற்கும்.

கல் பதிப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முத்தும் பவளமும் தீக்குப் போகக் கூடாது. டர்க்கைஸும் ஓப்பலும் தாங்காது, அமேதிஸ்ட் நிறம் இழக்கும். கியூபிக் ஜிர்கோனியாவையும் ஆய்வகத்தில் செய்த மாணிக்கம், நீலக்கல்லையும் பச்சைக் களிமண்ணிலேயே, கல்லின் இடுப்பு மேற்பரப்புக்குக் கீழே போகும்படி பதித்துச் சுடலாம். சுருங்கும்போது வெள்ளியே கல்லைப் பிடித்துக்கொள்ளும். அவற்றைத் தானாக ஆறவிடுங்கள், தண்ணீரில் போட்டால் கல் வெடிக்கும். 'கெம்பு' என்று கடையில் தருவதைச் சுடாதீர்கள், அதில் நிறையக் கண்ணாடி.

இனி மென்மை பற்றி. 999 வெள்ளி மென்மையானது. அதோடு, சுட்ட களிமண் வெள்ளியில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. உருக்கி அடித்த வெள்ளியின் அடர்த்தியோ வலிமையோ அதற்கு வராது. அதனால் கொலுசை இதில் செய்யாதீர்கள். மெட்டியும் வேண்டாம், நடக்கிற காலில் நாள் முழுக்க அழுத்தம் படுகிற பொருள் அது. மெல்லிய சங்கிலிக் கண்ணிகள் வேண்டாம். பதக்கம், காதணி, புரோச், புடவை ஊசியின் முகப்பு, பொத்தான், இவைதான் இதன் சொந்த இடம். சேலத்தில் கொலுசு வேலையில் வீட்டிலிருந்தே கை கொடுக்கிற பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் துண்டுக்கு இவ்வளவு என்று கூலிதான், வடிவம் வேறு யாருடையதோ. வடிவம் முழுதும் உங்களுடையதாக வெள்ளியில் நிற்க இந்தக் களிமண் வழி தருகிறது. அதுவே இதன் பெருமை, அதற்காகவே உங்களை அழைக்கிறேன். ஆனால் கொலுசு செய்யும் கையோடு போட்டி போட இது வரவில்லை.

உங்கள் ஊர்ப் பத்தரிடம் போங்கள். காதணியின் திருகாணி, ஊக்கு, கொக்கி, மூடிய வளையம் எல்லாம் அவர் கையில் பற்றவைக்கும் பொடி வைத்து ஊதப்பட்டால்தான் நிலைக்கும். கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். இது களிமண் வெள்ளி, துளை உள்ளது, பொடியை உள்ளே இழுத்துக்கொள்ளும், அதனால் பற்ற வைக்கும் இடத்தை முதலில் அழுத்தி மெருகேற்றி வைத்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தில் நீங்கள் வேலை தெரிந்தவர் என்று அவருக்குப் புரியும். பிறகு வெண்காரத்தை எங்கே தடவுகிறார், சுடரை எப்படி அகலப்படுத்துகிறார் என்று நின்று பாருங்கள். நெருப்பின் நிறத்தைப் படிக்க அவரைவிட நல்ல ஆசிரியர் உங்களுக்குக் கிடைக்கமாட்டார்.

விற்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். வாங்க வருபவர் முதலில் கேட்பது, 'கிராம் என்ன விலை?' வெள்ளிக் களிமண்ணின் விலை, அதே எடையுள்ள வெள்ளிக் கட்டியின் விலையைவிட மிக அதிகம். சுட்டால் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையவும் செய்யும். எனவே கிராம் கணக்கில் நீங்கள் கடையோடு நிற்க முடியாது, நிற்க முயலவும் கூடாது. இது கையால் செய்த ஒரு துண்டு, இதற்கு இந்த விலை என்று சொல்லுங்கள். அதோடு இதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள்: பின்னாளில் உருக்கக் கொடுத்தால் வெள்ளியின் விலை மட்டுமே கிடைக்கும். இதைக் கேட்டதும் சிலர் திரும்பிப் போவார்கள். போகட்டும். சேமிப்புக்கு வெள்ளி வாங்க வந்தவரிடம் இந்த நகையை விற்பது நியாயமில்லை.

ரசீதில் '999 வெள்ளி, களிமண்ணில் செய்து சுட்டது' என்று எழுதிக் கொடுங்கள். 925 கம்பியில் கொக்கி இருந்தால் அதையும் தனியாக எழுதுங்கள். ஹால்மார்க் நாமே குத்திக்கொள்வதல்ல. பிஐஎஸ் அங்கீகரித்த மையத்தில் சோதித்துத்தான் இடுவார்கள். தங்கத்துக்கு அந்த முறை 2000இல் வந்தது, வெள்ளிக்கு 2005இல். அங்கே கொடுத்துச் சோதிக்கலாம். சோதிக்காமல் முத்திரை மாதிரி ஒன்றைப் பதித்து விற்பது ஏமாற்று, அதில் இரண்டு பேச்சு இல்லை.

இன்னும் ஒரு வேண்டுகோள், என் மனதுக்கு மிகவும் நெருக்கமானது. சிலிக்கான் அச்சுகளை வெள்ளிக்குள் கொண்டு வராதீர்கள். மண் நகைச் சந்தை ஏன் இவ்வளவு மலிந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஒரே லட்சுமி அச்சு, ஒரே மயில் அச்சு, ஒரே யானை. சென்னையில் வாங்கியதும் திருச்சியில் வாங்கியதும் ஒன்றுபோல இருந்தன. கோயில் நகை வடிவம் வேண்டுபவர்களுக்குப் பட்டறைகள் நம்மைவிடச் சிறப்பாக, உறுதியாகச் செய்து தருகின்றன. களிமண்ணால் மட்டுமே முடிகிற காரியங்கள் உண்டு. ஒரு மெல்லிய துணியின் நெசவை அப்படியே வெள்ளியில் பதிக்கலாம். மரப்பட்டையை, ஓலைப் பாயின் முடைவை, பாட்டியின் பழைய முறுக்கு அச்சின் அடிப்பக்கத்தைப் பதிக்கலாம். உங்கள் விரல் கிள்ளிய கிள்ளலே அப்படியே நிற்கும். சுத்தியலால் இதைச் செய்ய முடியாது.

முதல் வேலையாக எதைச் செய்வது என்று கேட்பீர்கள். ஒரு இலை செய்யுங்கள். அரச மரத்தின் இளசும் இல்லாத, முற்றலும் இல்லாத சின்ன இலை ஒன்றைப் பறித்து, நரம்பு புடைத்த பின்பக்கத்தில் குழம்பைத் தூரிகையால் தடவுங்கள். முதல் பூச்சு மிக மெல்லியதாக, நரம்புகளின் ஓரத்துக்கெல்லாம் போகும்படி. உலர்ந்ததும் அடுத்தது. பத்துப் பூச்சுக்குக் குறையாமல், காம்புப் பக்கம் இன்னும் இரண்டு கூட்டி. காம்பில் தூய வெள்ளிக் கம்பி வளையம் ஒன்று. முழுதாக உலர்ந்த பிறகு விளிம்பை மெல்லத் தேய்த்துச் சுடுங்கள். தீயில் இலை எரிந்துபோகும், அதன் நரம்புகள் ஒன்று விடாமல் வெள்ளியில் நிற்கும். இதற்கு மிகச் சிறிய பொட்டலம் போதும், அச்சு வேண்டாம், அளவுக் கணக்கு வேண்டாம், சுருங்கினாலும் இலை இலைதான். தடவும் பொறுமை, உலர்த்தும் பொறுமை, தீயின் நிறம் மூன்றையும் ஒரே துண்டு கற்றுக்கொடுக்கும். அது சரியாக வந்த பிறகு வகுப்புக்குப் பணம் கட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுங்கள். வகுப்பில் சேர்வதானால், சூளையின் வெப்பத்தை எப்படி அளக்கிறீர்கள், சுட்ட துண்டின் உறுதியை எப்படிச் சோதிக்கிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் சேருங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி